அன்னமும் ஆடுகளமும்

சென்னை மாகாணத்தில் 1918ஆம் ஆண்டு தொடங்கி 1920ஆம் ஆண்டு வரையிலான காலத்தை அரசியல் சரித்திரம் எழுதுவோர் சீர்திருத்தங்களுக்காகவும் தேர்தலுக்காகவும் நினைவுகூர்வது இயல்பே. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தேக நலத்தில் சிரத்தை கொண்டோருக்கு அந்தச் சில ஆண்டுகள் வேறொரு காரணத்தால் முக்கியமானவை. நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயின் மூலத்தை ஆராயும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் 1918இல் தொடங்கினார். சர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் தான் நடத்திவந்த பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி கொடுப்பதென்று 1920இல் தீர்மானித்தது. அதே 1920இல், அதே பட்டணத்தில், ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் சார்பில் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியை நிறுவினார்.

உணவைப் பற்றிய ஞானம், உணவு, உடற்பயிற்சி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே வேளையில், ஒரே மாகாணத்தில் இவ்வாறு முளைத்தன. மூன்றும் ஒரு பிள்ளையின் உடம்பை நோக்கியவை. எனினும் ஒன்று மருத்துவத் துறையிலும், மற்றொன்று உள்ளாட்சியிலும் பின்னர்ச் சமூக நலத்துறையிலும், மூன்றாவது கல்வித்துறையின் ஓர் ஓரத்திலுமாகத் தனித்தனியே வளர்ந்து, அந்தப் பிள்ளையின் ஒரு நாளைய வாழ்வில் எங்கும் சந்திக்காமலே நூறாண்டுகளைக் கடந்துவிட்டன. இவற்றுள் உணவு உலகமே வியக்கும் விருட்சமாயிற்று. உடற்பயிற்சியோ நாளுக்கு நாள் குன்றிக் கால அட்டவணையில் இரண்டொரு கட்டங்களாகச் சுருங்கிற்று. மாணவரின் ஆரோக்கியத்தைப் பேண வேண்டுமென்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். தட்டில் இட்ட சோறு உடம்பில் சேரவேண்டுமானால் மைதானமும் அதனோடு வரவேண்டும் என்ற உண்மையை மட்டும் அப்பேச்சில் அதிகம் கேட்க முடிவதில்லை. அதை நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குன்னூர் ஆய்வுக்கூடத்திலிருந்தே தொடங்கலாம். இந்தியாவின் வெவ்வேறு பிரதேசத்து மக்கள் உண்ணும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை மக்காரிசன் ஒப்பிட்டுப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறிகள் அடங்கிய சீக்கியரின் உணவைத் தின்ற எலிகள் திடமாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை வாசிகளின் உணவைத் தின்றவை எல்லாவற்றிலும் கடைசியாக நின்றன. ஒரு பிரதேசத்து மக்கள் அனைவருக்கும் ஒரே உணவு என்று கொள்வது சரியாகாது. எலியின் உடம்பில் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். ஆயினும் வயிறு நிறைவது வேறு, உடம்பு போஷணை பெறுவது வேறு என்பதை நம் மண்ணிலேயே நிரூபித்துக் காட்டிய ஆராய்ச்சி அது. அவருக்குப் பின், 1935இல் அக்கூடத்தின் பொறுப்பை ஏற்ற அய்க்ராய்டு, தென்னிந்தியக் கிராமங்களிலும் பள்ளிகளிலும் சென்று பிள்ளைகளின் உடல்நிலையை ஆராய்ந்ததோடு, நம் அரிசி, கேழ்வரகு, பருப்பு, கீரை வகைகளில் எந்தச் சத்து எவ்வளவு என்று காட்டும் அட்டவணையையும் 1937இல் வெளியிட்டார். வழக்கமான அரிசிச் சாப்பாட்டோடு ஆடை நீக்கிய பாலும் சிறிது சேர்த்துக் கொடுத்தபோது பிள்ளைகளின் உயரமும் எடையும் கூடியதை அக்கூடத்தார் கண்டறிந்து எழுதினார்கள். அந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அரிசி மட்டும் போதாது, அதனோடு புரதமும் கீரையும் காயும் சேரவேண்டும் என்ற ஞானத்துக்காக நாம் அயல்நாட்டை நோக்கிக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நீலகிரியிலிருந்து அது சமவெளிப் பள்ளிகளின் அடுக்களைக்கு இறங்கிவரத்தான் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

அடுக்களையின் கதை தடையின்றி வளர்ந்த கதையன்று. ஆயிரம் விளக்கில் தொடங்கிய சிற்றுண்டி மேலும் சில மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பரவி, பிள்ளைகளின் வருகையைப் பெருக்கிக்கொண்டிருந்த சமயத்தில், தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிடலாகாதென்று ஆங்கில அரசாங்கம் மறுத்துவிட்டதால் 1925இல் நின்றுபோயிற்று. கல்விக்கென்று ஒதுக்கிய பணத்தைப் பிள்ளையின் பசிக்குச் செலவிடுவது முறையல்ல என்று கருதிய அந்த மனோபாவம் அன்றைய அதிகாரிகளோடு மறையவில்லை. உடம்பு வேறு, படிப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கமாக நம்மிடையே இன்றும் அது நீடிப்பதைப் பின்னர்க் காண்போம்.

சுதந்திர இந்தியாவில், காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் தழுவியதாக மலர்ந்தது. அரசாங்கத்தின் பணத்தோடு ஊராரின் நெல்லும் தானியமும் காய்கறியும் விறகும் சேர்ந்து அந்த உலையைக் கொதிக்க வைத்தன. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி மக்களிடமே கொடை பெற்ற காலம் அது. 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் உதவிப் பொருள்களும் வந்து சேர்ந்தன. அந்தத் தலைமுறையில் படித்தவர்கள் பள்ளியில் குடித்த பால்பொடிப் பாலின் மணத்தை முதுமையிலும் மறந்தாரில்லை.

எம்.ஜி. இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் 1982ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், அளவில் முந்தையவற்றையெல்லாம் விஞ்சியது. முதலில் கிராமப்புறங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட அது, அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பத்து முதல் பதினைந்து வயது வரையிலான மாணவருக்கும் விரிந்தது. இவ்வளவு செலவு மாநிலத்துக்குத் தகுமா என்று பொருளாதாரம் அறிந்த பலர் அன்று ஐயுற்றார்கள். அவ்வாறு ஐயுற்றவர்களுக்குப் பதில் சொல்ல அதிக காலம் பிடிக்கவில்லை. 1995இல் மத்திய அரசு தேசியத் திட்டத்தை அறிவித்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் சமைத்த மதிய உணவு வழங்கியே தீரவேண்டுமென்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது.

இக்கதையில் நான் மிகவும் மதிக்கும் அத்தியாயம் முட்டையைப் பற்றியது. மு. கருணாநிதி முதல்வராயிருந்த 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 1998இல் வாரத்துக்கு ஒன்றாகி, 2006இல் இரண்டாகி, 2007இல் மூன்றாகி, 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை என்று நிறைவுற்றது அது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கிடைத்தது. தேர்தல் மேடைகளில் எவ்வளவோ பகை பேசியவர்களிடையே ஆட்சிகள் மாறியபோதும் ஒருவர் தொடங்கியதை மற்றவர் குறைக்கவில்லை என்பது நம் பொதுவாழ்வில் எளிதில் காணக்கிடைக்காத நற்பண்பு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. தேசியத் திட்டத்தின் அளவுகோலின்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் ஒருவேளை உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலைப்பள்ளி மாணவருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்கவேண்டும். அதாவது ஒரு சிறு பிள்ளைக்கு விதித்த புரதத்தில் ஏறக்குறையப் பாதியை அந்த ஒரு முட்டையே தந்துவிடுகிறது. கலப்படம் செய்ய முடியாததும், அளவு குறைத்துப் பரிமாற முடியாததும், தனக்குக் கிடைத்ததா இல்லையா என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் வீட்டில் சொல்லக்கூடியதுமான பொருள் அதுவாகையால், வறியவருக்கென்று ஒதுக்கிய பண்டங்கள் பலவற்றுக்கும் நேர்ந்த கதி முட்டைக்கு நேரவில்லை.

ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தைப் பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தவர்கள் இத்திட்டம் எவர் தோளில் நிற்கிறதென்று அறிவார்கள். காலையில் வகுப்பு வகுப்பாகச் சாப்பிடுவோர் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு வந்து பதிவேட்டில் ஏற்றும் அமைப்பாளர், அரிசியையும் பருப்பையும் தலைக்கணக்குப்படி நிறுத்துக் கொடுக்கிறார். சமையலர் கல்லும் உமியும் நீங்கக் களைந்து உலையில் போடுகிறார். உதவியாளர், அவித்த முட்டைகளைத் தண்ணீரில் கொட்டி, ஓடு சதையோடு பிய்ந்து வராதபடி விரல் நுனியால் உரித்து அடுக்குகிறார். செவ்வாய்க்கிழமையானால் முதல் நாளே ஊறப்போட்ட கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ அடுப்பில் வெந்துகொண்டிருக்கும். இந்தப் பணியிடங்களில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டதனால், பிள்ளைக்குச் சோறும் ஒரு பெண்ணுக்கு வாழ்வும் ஒரே அடுப்பிலிருந்து கிடைத்தன. இவர்களுடைய ஊதியமும் ஓய்வூதியமும் இன்றளவும் மாநாடுகளிலும் போராட்டங்களிலும் கேட்டுப் பெறவேண்டிய நிலையில் இருப்பது வருத்தத்துக்குரியது.

அந்த அடுக்களையின் பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று கூறாமல் தீராது. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவு அடுக்களைக் கூரையில் பற்றிய தீ வகுப்புக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே ஜூலை 16ஆம் நாள், பீகாரின் சாப்ரா வட்டாரத்தில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டார்கள். ஓலைக் கூரைகள் அகன்றதும், உணவை ஆசிரியர் முதலில் சுவைத்துப் பார்க்கவேண்டுமென்ற விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தலைப்பட்டதும் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

இவ்வளவு பாடுபட்டதன் பலன் என்ன என்று கேட்பது நியாயம். பசித்த பிள்ளை பள்ளிக்கு வந்தது என்பது முதற்பலன். அது யாவரும் அறிந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் வறட்சியால் குன்றிய சிறு குழந்தைகளின் வளர்ச்சியைப் பள்ளி உணவு பின்னர் ஈடுசெய்ததை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனினும் ஆழமான ஒன்றை, இந்தியா முழுவதிலும் திரட்டிய தரவுகளை வைத்து 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு எடுத்துரைத்தது: சிறுமியாயிருந்தபோது பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்த பெண்கள் பிற்காலத்தில் ஈன்ற குழந்தைகள், அவ்வாறு உண்ணாதவர்களுடைய குழந்தைகளைவிட உயரத்தில் குன்றாதவையாக இருந்தன. ஒரு பிள்ளைக்கு இட்ட சோறு இன்னும் பிறவாத பிள்ளையின் எலும்பையும் வளர்க்கிறது என்றால், இதைச் செலவுக் கணக்கில் எழுதுவதா மூலதனக் கணக்கில் எழுதுவதா என்பதை நிதித்துறையார் ஆலோசிக்க வேண்டும். எண்ணிக்கைக்குள் அடங்காத மற்றொரு பலனும் உண்டு. பல சாதிப் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்பது நம் சமூகத்தில் சிறிய காரியமன்று. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் சமைத்தாளென்று பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் இந்த நூற்றாண்டிலும் சில ஊர்களில் இருக்கக் கண்டோம். அவ்விடங்களில் அதிகாரிகள் நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டது சரியான மறுமொழி.

2022 செப்டம்பர் 15இல் மதுரையில், மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பமாகி, மறு ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் ஏனைய அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. விடியுமுன்னே வயல் வேலைக்கும் ஆலை வேலைக்கும் புறப்படும் தாய்மாருடைய பிள்ளைகள் முன்னிரவு உண்டபின் மறுநாள் நண்பகல் வரை வெறும் வயிற்றோடு இருந்ததை அறிந்தவர்களுக்கு, ரவை உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரோடு காலையில் கிடைப்பதன் மதிப்பை விளக்கவேண்டியதில்லை.

இனி, குறைகளுக்கு வருவோம். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். முட்டையும் பருப்பும் கொடுத்த மாநிலத்தில் இஃது எப்படி என்று மலைக்கவேண்டியதில்லை. இரத்தத்துக்கு வேண்டிய இரும்புச்சத்து அரிசியில் மிகக் குறைவு. கீரையிலும் பயறிலும் உள்ளதும், எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற புளிப்பும் வைட்டமின் சி சத்தும் உள்ள பொருள் உடன் சேர்ந்தாலொழிய உடம்பில் எளிதில் ஏறுவதில்லை. உணவோடு குடிக்கும் தேநீர் ஏறுவதையும் தடுத்துவிடுகிறது. இதன்மேல் குடற்புழு வேறு. ஆகவேதான் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரையும், ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் என்னும் புழுநீக்க மாத்திரையும் பள்ளிகளில் கொடுக்கிறார்கள். நீலநிற மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, வயிற்றைப் புரட்டும் என்று பயந்து, சன்னலுக்கு வெளியே எறியும் பெண்பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அதை வெறும் வயிற்றில் விழுங்காமல் மதிய உணவுக்குப்பின் விழுங்கினால் புரட்டல் குறையும் என்பதையும், மாதவிலக்கினால் இழக்கும் இரத்தத்தை அது ஈடுசெய்கிறது என்பதையும் கூச்சமின்றி எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியை இருக்கிற பள்ளியில் மாத்திரை வயிற்றுக்குள் போகிறது. இல்லாத பள்ளியில் பதிவேட்டுக்குள் மட்டும் போகிறது. பள்ளியின் பின்புறத்தில் நாலைந்து முருங்கை மரங்களை வைத்து வளர்த்து, அந்தக் கீரையைச் சாம்பாரில் சேர்க்கும் தலைமையாசிரியர்களும் இருக்கிறார்கள். அரசாணை ஏதும் வேண்டாத இக்காரியம் ஊர்தோறும் நடக்கலாம்.

உணவின் கதை இவ்வளவு விரிவாக இருக்க, பக் தொடங்கிய மற்றைக் கதை எங்கே போயிற்று? 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய வீரர்களைப் பயிற்றுவித்த அப்பெருமகனார், தம் கல்லூரியில் வெற்றி வீரர்களை மட்டும் உருவாக்க முனைந்தவரல்லர். ஒவ்வொரு பள்ளிக்கும் தேகாப்பியாச ஆசிரியர்களை அனுப்புவதே அதன் தலையாய பணியாக இருந்தது. நந்தனத்தில் மரங்களடர்ந்த அந்தக் கல்லூரி இன்றும் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட ஆசிரியர்கள், சடுகுடுவையும் சிலம்பத்தையும் கைப்பந்தோடும் ஓட்டப் பந்தயத்தோடும் சேர்த்துக் கற்பித்து, நம் பள்ளிகளில் மாலை வேளைகளை உயிருள்ளவையாக்கினார்கள்.

இன்றைய நிலை என்ன? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக் கட்டடத்துக்கு இன்றியமையாதவை என்று விதித்த வரிசையில், மதிய உணவு சமைக்கும் அடுக்களையும் விளையாட்டு மைதானமும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. சட்டம் இயற்றியவர்கள் இரண்டையும் ஒருங்கே நினைத்தார்கள் என்பது தெளிவு. ஆனால் ஆட்களை நியமிக்கும் பகுதிக்கு வந்தால், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு மட்டுமே உடல்நலம் மற்றும் உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் என்று கூறி, ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைப் பற்றி அது மௌனம் சாதிக்கிறது. ஓடவும் தாவவும் எறியவும் பிடிக்கவும் உடம்பு கற்றுக்கொள்ளும் பிராயம் அதுவே. தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, தொகுப்பூதியம் 5,000 ரூபாய் என்பது அன்றைய ஏற்பாடு. ஒரு பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரத்தில் மூன்று அரைநாட்களில் ஒரு மனிதர் எவ்வளவு தேகாப்பியாசம் கொடுத்துவிட முடியும் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்பதும், எலும்பையும் தசையையும் உறுதியாக்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளேனும் அதில் இருக்கவேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 146 நாடுகளின் பள்ளி மாணவரைப் பற்றி அந்நிறுவனத்தார் ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, 11 முதல் 17 வயது வரையிலானோரில் ஐந்தில் நால்வருக்கு அந்த அளவு கிட்டவில்லை. பெண்பிள்ளைகளின் நிலை ஆண்பிள்ளைகளின் நிலையினும் மோசம்.

நம் ஊர்ப் பத்தாம் வகுப்பொன்றின் 'பி.டி. பீரியடை' அருகிருந்து பார்த்தால் இந்தப் புள்ளிவிவரத்துக்கு உருவம் கிடைக்கும். அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு என்று எழுதியிருக்கும் வகுப்புகளில் ஒன்றைக் கணக்கு ஆசிரியர் 'போர்ஷன் முடியவில்லை' என்று கடன் வாங்கிக்கொண்டிருப்பார். திருப்பித் தராத கடன் அது. மற்றொன்றில் மைதானத்துக்கு விட்டால், காற்றுக் குறைந்த கால்பந்து ஒன்றை இருபது பையன்கள் துரத்துவார்கள். உடல் பருத்த பையனும் மூச்சிரைப்புள்ள பையனும் கோல் கம்பத்தருகில் நின்று புத்தகப் பைகளுக்குக் காவலிருப்பார்கள். பெண்பிள்ளைகள் சுவரோரத்து வேப்பமர நிழலில் வட்டமாக அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஓடச் சொன்னால் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு சிரிப்பார்களேயன்றி எழமாட்டார்கள். இவர்களே எட்டு வயதில் பாண்டியும் நொண்டியும் கிளித்தட்டும் ஆடியவர்கள். பெரிய மனுஷியானபின் ஓடுவது அழகல்ல என்று வீடு சொல்லிற்று. ஓடி வியர்த்தால் முகங்கழுவத் தண்ணீரும், விலக்கு நாளில் மாற்றிக்கொள்ளத் தாழ்ப்பாளுள்ள கழிவறையும் இல்லை என்று பள்ளி தன் மௌனத்தால் சொல்லிற்று. கழிவறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பிள்ளைகள் ஓடியாட எப்படி முன்வருவார்கள்? வகுப்பிடையே தண்ணீர் குடிப்பதற்கென்று மணியடிக்கும் நல்ல வழக்கத்தைக் கேரளப் பள்ளிகள் 2019இல் தொடங்கின. அந்த மணிக்குப் பின்னால் கதவுள்ள கழிவறையும் இருக்கவேண்டும்.

வசதியுள்ளோர் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிகளின் நிலை இதனினும் மேலானதென்று கூறுவதற்கில்லை. நகரத்து மனைக்கட்டில் நான்கு மாடி எழுப்பி, வாகனம் நிறுத்துமிடத்தையே மைதானமென்று காட்டும் பள்ளிகளும், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே விடியற்காலைத் தேர்வும் மாலைச் சிறப்பு வகுப்பும் வைத்துப் பிள்ளையை நாற்காலியோடு பிணைக்கும் பள்ளிகளும் பெருகியிருக்கின்றன. அங்கே போஷணைக் குறைவுக்குப் பதில் போஷணை மிகுதி வந்து சேர்கிறது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாதென்று 2020இல் உணவுப் பாதுகாப்பு விதிகள் பிறந்தும், மணியடித்தவுடன் பாக்கெட் சிப்ஸும் கலர்த் தண்ணீரும் எங்கே கிடைக்குமென்று பிள்ளைகளுக்குத் தெரியாத ஊர் இல்லை.

உணவையும் பயிற்சியையும் பிரிக்கலாகாது என்பதற்குச் சரீர சாஸ்திரத்தில் வலுவான ஆதாரம் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தம் குழுவினரோடு நடத்திய ஆராய்ச்சியில், இந்தியக் கிராமத்துப் பச்சிளங்குழந்தைகள் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளைவிட எடையில் மிகக் குறைந்திருந்தபோதிலும், அந்தக் குறைவு தசையில் விழுந்த அளவுக்குக் கொழுப்பில் விழவில்லை என்று கண்டார். பார்வைக்கு மெலிந்தும் உள்ளே கொழுப்பைத் தாங்கியும் பிறக்கும் இவ்வுடம்பே வளர்ந்தபின் நீரிழிவுக்கு எளிதில் இரையாகிறது. இத்தகைய உடம்புக்கு அரிசியையும் எண்ணெயையும் கூட்டிக்கொடுத்து அசையாமல் உட்காரவைத்தால் கொழுப்புத்தான் சேரும்; புரதம் கொடுத்து, ஓடவும் சுமை தூக்கவும் வைத்தால் தசை வளரும். எலும்பும் அவ்வாறே. வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய எலும்பின் கனத்தில் பெரும்பகுதி குமரப் பருவத்தில் உருவாகிவிடுகிறது. குதித்தும் ஓடியும் எலும்பின்மேல் பாரம் விழச்செய்யாமல் சுண்ணாம்புச்சத்தை மட்டும் ஊட்டுவதால் நிறைந்த பயன் கிட்டாது. முட்டைக்கு அரசாங்கம் செலவிடும் பணத்தின் முழுப் பிரயோஜனத்தையும் பெறவேண்டுமென்ற சிக்கன நோக்கிலும்கூட மைதானம் தேவைப்படுகிறது.

பாடத்துக்கு நேரமில்லை என்பது பள்ளிகள் கூறும் வழக்கமான சமாதானம். நாள்தோறும் ஒரு மணி நேரத்தை ஒரே துண்டாகக் கொடுக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை; காலை வணக்கக் கூட்டத்தைப் பதினைந்து நிமிட ஓட்டத்தோடும் குனிந்து நிமிரும் பயிற்சியோடும் இணைத்து, முற்பகல் இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டி, வெயில் தணிந்த கடைசி வேளையை முற்றிலும் விளையாட்டுக்கு விட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். வைகாசி, ஆனி மாதத்து உச்சி வெயிலில் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தும் கால அட்டவணைகளை இப்போதே மாற்றவேண்டும். கருவிகளுக்குப் பணமில்லை என்ற காரணமும் நிற்காது. கபடிக்கும் கோ-கோவுக்கும் கிளித்தட்டுக்கும் தரையும் சுண்ணாம்புக் கோடும் போதும். உடற்கல்வி ஆசிரியரை மாவட்டப் போட்டிகளில் வென்ற கோப்பைகளின் எண்ணிக்கையால் மதிப்பிடும் வழக்கம் நின்றால், பன்னிரண்டு பேர் கொண்ட அணிக்காக அவர் செலவிடும் மாலை நேரம் எஞ்சிய ஐந்நூறு பேருக்கும் கிடைக்கும். தொடக்கப் பள்ளிகளில் தனி ஆசிரியர் வரும்வரை, அருகிலுள்ள நான்கைந்து பள்ளிகளுக்கு ஒருவரைப் பொதுவாக நியமித்து, வகுப்பாசிரியர்களுக்கே அவரைக்கொண்டு பயிற்சி அளிக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பிள்ளையின் உடம்பைப் பற்றிய கணக்கு பள்ளியிலேயே இருக்கவேண்டும். சத்துணவுக் கூடத்துப் பதிவேட்டில் அரிசி கிலோ, கிராம் பிசகாமல் ஏறுகிறது. முட்டை ஒன்று உடைந்தாலும் அதற்கொரு குறிப்பு உண்டு. பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் இரத்தத்தையும் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கொரு முறை வந்து சோதித்து, தன் படிவத்தில் எழுதி எடுத்துச் சென்றுவிடுகிறது; அமைப்பாளரோ உடற்கல்வி ஆசிரியரோ பெற்றோரோ அந்தப் படிவத்தைப் பார்ப்பது அரிது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் உயரம், எடை, ஒரு குறிப்பிட்ட தூரத்தை ஓடிக் கடக்கும் நேரம் ஆகிய மூன்றையும் மதிப்பெண் அட்டையிலேயே ஒரு பக்கத்தில் எழுதி வீட்டுக்கு அனுப்பினால், எடை குன்றிய பிள்ளைக்கு இரண்டாம் கரண்டி பருப்பு இடவேண்டுமென்று சமையலருக்கும், இரைப்புள்ள பையனைக் கம்பத்தருகே நிறுத்தாமல் மெல்ல நடக்கப் பழக்கவேண்டுமென்று பி.டி. ஆசிரியருக்கும், கணக்கில் தொண்ணூறு வாங்கிய மகள் நூறு மீட்டர் தூரத்துக்குள் மூன்று முறை நின்று மூச்சு வாங்குகிறாள் என்று தகப்பனாருக்கும் தெரியவரும். ஓர் எடைமேடை, சுவரில் வரைந்த ஓர் அளவுகோல், ஒரு நிறுத்துக் கடிகாரம் ஆகியவற்றைத் தவிர இதற்கு வேறு மூலதனம் தேவையில்லை. வருகிற கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே எந்தத் தலைமையாசிரியரும் இதைத் தொடங்கலாம்.